இந்தியாவின் முதல் பெண் மின் பொறியாளர் ஏ. லலிதா: நம் மகள்களின் மேற்படிப்புக்கு ஒரு முன்னுதாரணம்

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியாகும் நாட்களில் கோவளம், கேளம்பாக்கம், வண்டலூர், தாம்பரம் என்று நம் பகுதியில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே பேச்சுதான். மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது? கணிதத்திலும் இயற்பியலிலும் நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளை என்றால் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று உடனே முடிவாகிவிடும். மின் பொறியியல் படிக்கிறேன், எரிசக்தித் துறைக்குப் போகிறேன் என்று ஒரு பெண் பிள்ளை சொன்னால் மட்டும் வீட்டுப் பெரியவர்கள் முகம் மாறிவிடுகிறது.

அப்போது எழும் கேள்விகள் பெரும்பாலும் மூன்றுதான். கம்பத்தில் ஏறுகிற வேலை பெண்ணுக்கு எதற்கு? பையன்களே நிறைந்த வகுப்பில் அவள் எப்படி இருப்பாள்? நாளைக்குக் கல்யாணம் ஆகி, குழந்தை பிறந்தால் இந்த வேலையை வைத்துக்கொண்டு குடும்பத்தை எப்படிப் பார்ப்பாள்?

இவை அலட்சியப்படுத்த வேண்டிய கேள்விகள் இல்லை. மகள் மீதுள்ள அக்கறையில்தான் இவை பிறக்கின்றன. ஆனால் இந்த மூன்றுக்கும் 80 ஆண்டுகளுக்கு முன்பே, இதே சென்னையில், ஒரு பெண் தன் வாழ்க்கையாலேயே பதில் சொல்லியிருக்கிறார். கையில் குழந்தையோடு, கணவரை இழந்த நிலையில், கிண்டி பொறியியல் கல்லூரியில் சேர்ந்து, இந்தியாவின் முதல் பெண் மின் பொறியாளராக வெளியே வந்தவர் ஏ. லலிதா. மின் துறை வட்டாரத்தில் நன்கு அறியப்பட்ட பெயர் இது. நம் பிள்ளைகளும் பெற்றோர்களும் அறிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை என்பதால் இங்கே தருகிறோம்.

15 வயதில் திருமணம், 18 வயதில் இழப்பு

அய்யலசோமயாஜுல லலிதா 1919 ஆகஸ்ட் 27 அன்று சென்னையில், தெலுங்கு பேசும் நடுத்தரக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். வீட்டில் ஏழு பிள்ளைகள். இவர் ஐந்தாவது. தந்தை பப்பு சுப்பாராவ் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின் பொறியியல் பேராசிரியர். அந்த வீட்டில் ஆண் பிள்ளைகள் பொறியியல் வரை போனார்கள். பெண் பிள்ளைகளுக்கு அடிப்படைப் படிப்போடு நின்றுவிட்டது. அன்றைக்கு அது யாருக்கும் தவறாகத் தோன்றவில்லை.

லலிதாவுக்கு 15 வயதில் திருமணம் நடந்தது. ஆனால் திருமணத்துக்குப் பிறகும் பள்ளிப் படிப்பை விடக் கூடாது என்பதில் தந்தை உறுதியாக இருந்தார். அதனால் லலிதா பள்ளி இறுதி வகுப்பு வரை படித்து முடித்தார். அப்போது அது ஒரு சின்ன விஷயமாகத்தான் பட்டிருக்கும். பின்னாளில் அவரைக் காப்பாற்றியது அந்தப் பள்ளி இறுதிச் சான்றிதழ்தான்.

லலிதாவுக்கு 18 வயதானபோது கணவர் இறந்துபோனார். மகள் அப்போது 4 மாதக் கைக்குழந்தை.

அந்தக் காலத்தில் அவர் பிறந்த சமூகத்தில் இளம் விதவையின் நிலை என்ன என்பதை நாம் விரிவாகச் சொல்லத் தேவையில்லை. தலையை மழித்து, வெள்ளைப் புடவை உடுத்தி, நல்ல காரியங்களுக்கு முகம் காட்டாமல் ஒரு மூலையில் வாழ்நாள் முழுக்க உட்கார வைக்கிற வழக்கம் பல குடும்பங்களில் இருந்தது. மறுமணம் என்பது பேச்சுக்கே இல்லாத காலம். 18 வயதில் தொடங்கி அடுத்த ஐம்பது அறுபது ஆண்டுகள் யாரோ ஒருவர் போடும் சோற்றை எதிர்பார்த்து வாழ வேண்டும்.

லலிதா அதை ஏற்கவில்லை. தன் மகளைத் தன் சம்பாத்தியத்தில் வளர்க்க வேண்டும், அதற்கு ஒரு தொழிற்படிப்பு வேண்டும் என்று முடிவு செய்தார். தந்தையும் சகோதரர்களும் அவர் பக்கம் நின்றார்கள். சென்னை ராணி மேரி கல்லூரியில் சேர்ந்து இன்டர்மீடியட் படிப்பை முதல் வகுப்பில் முடித்தார்.

மருத்துவத்தை விட்டு மின்சாரத்துக்கு வந்த காரணம்

அடுத்து என்ன படிப்பது என்ற கேள்வி வந்தது. தொழிற்படிப்பு என்றால் அன்றைய பெண்களுக்குத் தெரிந்த வழி மருத்துவம்தான். நம் நாட்டில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பெண் மருத்துவர்கள் உருவாகிவிட்டார்கள். முதல் வகுப்பில் தேறிய லலிதா அந்த வழியை எடுத்திருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள்.

அவர் யோசித்தது வேறு விதமாக. மருத்துவர் என்றால் நள்ளிரவிலும் அழைப்பு வரும். தூங்குகிற குழந்தையை விட்டுவிட்டு ஓட வேண்டியிருக்கும். தாய் ஒருத்தியை மட்டுமே நம்பியிருக்கும் குழந்தைக்கு அது சரிவராது. காலையில் போய் மாலையில் வீடு திரும்பும் வேலையாக இருக்க வேண்டும். தந்தையையும் சகோதரர்களையும் பார்த்து வளர்ந்தவருக்குப் பொறியியல் அப்படிப்பட்ட தொழிலாகத் தெரிந்தது.

இந்த இடத்தில் நம் பெற்றோர்கள் ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். குழந்தையையும் குடும்பத்தையும் காரணம் காட்டித்தான் இன்று நாம் மகள்களை மின் பொறியியல் வேண்டாம் என்று தடுக்கிறோம். லலிதா அதே குழந்தையை மனதில் வைத்துத்தான் மின் பொறியியலைத் தேர்ந்தெடுத்தார். பிள்ளையை வளர்க்க வேண்டிய ஒரு தாய்க்கு எந்த வேலை பொருந்தும் என்று கணக்குப் போட்டுப் பார்த்து எடுத்த முடிவு அது.

தந்தை கேட்டார், கதவு திறந்தது

முடிவு எடுத்தால் மட்டும் போதுமா? கிண்டி பொறியியல் கல்லூரியின் வரலாறு 1794இல் தொடங்கிய நில அளவைப் பள்ளியிலிருந்து வருகிறது. அத்தனை பழமையான நிறுவனத்தில் அதுவரை ஒரு பெண் கூடப் படித்ததில்லை.

சுப்பாராவ் தன் மகளுக்காகக் கல்லூரி முதல்வர் கே. சி. சாக்கோவிடம் பேசினார். மாகாணத்தின் பொதுக் கல்வித் துறை இயக்குநர் ஆர். எம். ஸ்டாதமிடமும் அனுமதி கேட்டார். இருவரும் சம்மதித்தார்கள். பெண்களைச் சேர்க்கலாம் என்ற முடிவு அப்படித்தான் வந்தது. பெரிய போராட்டமோ வழக்கோ நடக்கவில்லை. 

நூற்றுக்கணக்கான ஆண் மாணவர்களுக்கு நடுவே ஒரே ஒரு பெண்ணாக லலிதா வகுப்புக்குப் போனார். தங்குவதற்கு விடுதியில் ஏற்பாடு செய்து கொடுத்தார்கள். குழந்தை அருகில் ஓர் உறவினர் வீட்டில் வளர்ந்தது. வார இறுதியில் போய் மகளைப் பார்த்துவிட்டு வருவார். உடன் படித்தவர்களால் அவருக்குத் தொல்லை இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் விடுதியில் பேச்சுத் துணைக்கு ஒரு பெண் இல்லாத தனிமை அவரை வாட்டியது.

அதைக் கண்ட தந்தை படிப்பை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வரச் சொல்லவில்லை. கிண்டி கல்லூரியில் பெண்களுக்கும் இடம் உண்டு என்று விளம்பரம் செய்து, வேறு பெண்களும் வந்து சேர வழி செய்தார். அந்த அறிவிப்பைப் பார்த்துக் கேரளத்தைச் சேர்ந்த பி. கே. திரேசியா, லீலாம்மா ஜார்ஜ் ஆகிய இருவரும் சிவில் பொறியியலில் சேர்ந்தார்கள். அவர்கள் லலிதாவுக்கு ஓர் ஆண்டு இளையவர்கள். இரண்டாம் உலகப் போர்க் காலம் என்பதால் பாடக் காலம் குறைக்கப்பட்டு, மூவரும் 1943இல் ஒன்றாகவே பட்டம் பெற்றார்கள்.

பட்டச் சான்றிதழ் ஆண்களை மட்டுமே நினைத்து அச்சடிக்கப்பட்டிருந்தது. அதில் இருந்த ஆண்பால் சொல்லைப் பேனாவால் அடித்துவிட்டு, பெண்பால் சொல்லை மேலே எழுதிக் கொடுத்தார்கள். அச்சடித்தவர்கள் கற்பனை கூடச் செய்யாத ஒன்று நடந்துவிட்டது என்பதற்கு அந்தச் சான்றிதழே சாட்சி.

அந்த மூவரில் ஒருவரான திரேசியா, 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் பதவிக்கு உயர்ந்தார். ஒரு தந்தை தன் மகளின் தனிமையைப் போக்கச் செய்த ஏற்பாடு, அண்டை மாநிலத்துக்கு ஒரு தலைமைப் பொறியாளரையும் தந்தது.

ஜமால்பூரிலிருந்து பக்ரா அணை வரை

பட்டத்துக்குச் செய்முறைப் பயிற்சி கட்டாயம். லலிதா பீகாரில் உள்ள ஜமால்பூர் ரயில்வே பணிமனையில் ஓர் ஆண்டு பயிற்சி பெற்றார். ரயில் என்ஜின்களைப் பிரித்துப் பழுதுபார்க்கும் பெரிய பணிமனை அது. தொடர்ந்து சிம்லாவில் மத்திய தர நிர்ணய அமைப்பில் பொறியியல் உதவியாளராக 1946 இறுதி வரை வேலை பார்த்தார். அந்தக் காலத்திலேயே லண்டன் மின் பொறியாளர் கழகத்தின் தேர்வையும் எழுதித் தேறினார்.

பிறகு சிறிது காலம் சென்னைக்குத் திரும்பித் தந்தையின் ஆராய்ச்சிகளுக்கு உதவினார். மின்சாரத்தில் இயங்கும் இசைக் கருவி, புகையில்லா அடுப்பு போன்றவற்றை உருவாக்கும் முயற்சிகள் அவை. அடுப்படிப் புகையில் கண்ணெரிந்து இருமிய தலைமுறைகளின் வலி தெரிந்தவர்களுக்குப் புகையில்லா அடுப்பு எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். ஆனால் நிலையான வருமானம் தேவைப்பட்டதால் அந்த வேலையை அவர் தொடரவில்லை.

1948இல் கல்கத்தாவில் இருந்த அசோசியேட்டட் எலக்ட்ரிக்கல் இண்டஸ்ட்ரீஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே அவருடைய சகோதரர் ஒருவரின் குடும்பம் இருந்தது. லலிதா அலுவலகம் போகும் நேரத்தில் அவருடைய மகளை அண்ணியார் பார்த்துக்கொண்டார். 1977இல் ஓய்வு பெறும் வரை, ஏறக்குறைய 30 ஆண்டுகள் அவர் அதே பணியில் இருந்தார்.

நாடு சுதந்திரம் அடைந்த அடுத்த ஆண்டு அது. அணைகள், மின் நிலையங்கள், நீண்ட தொலைவு மின் பாதைகள் என்று எல்லாவற்றையும் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த காலம். மின் பாதைகளை வடிவமைப்பது, துணை மின் நிலையங்களின் அமைப்பை வரைவது, பாதுகாப்புக் கருவிகளைத் திட்டமிடுவது, ஒப்பந்தப்படி பணிகளை முடிப்பது ஆகியவை லலிதாவின் பொறுப்பில் இருந்தன. சட்லஜ் நதியின் குறுக்கே எழுந்த பக்ரா நங்கல் அணைத் திட்டத்தின் மின் ஆக்கி இயந்திரங்கள் தொடர்பான பணியிலும் அவருடைய உழைப்பு இருந்தது. சுமார் 226 மீட்டர் உயரமுள்ள பக்ரா அணையை 1963இல் பிரதமர் ஜவாஹர்லால் நேரு நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

கணவரை இழந்த ஒரு பெண் தனியாகத் தொலைதூரப் பணியிடங்களுக்குப் போய்த் தங்குவது அன்றைய சூழலில் எளிதாக இல்லை. அதனால் லலிதாவின் பணி பெரும்பாலும் அலுவலகத்தில், வரைபட மேசையில் நடந்தது. அவருக்கு இருந்த தடை அது. அந்தத் தடைக்குள் இருந்துகொண்டும் நாட்டின் மிகப்பெரிய மின் திட்டம் ஒன்றில் அவரால் பங்கேற்க முடிந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

உலக அரங்கில்

1953இல் லண்டன் மின் பொறியாளர் கழகம் லலிதாவை இணை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. 1966இல் முழு உறுப்பினர் ஆனார்.

1964 ஜூனில் நியூயார்க்கில் உலகப் பெண் பொறியாளர்கள், விஞ்ஞானிகளின் முதல் சர்வதேச மாநாடு நடந்தது. அதற்கு லலிதா போனார். இந்தியாவில் பெண் பொறியாளர்களுக்கென்று அமைப்பு எதுவும் இல்லாததால், தனிப்பட்ட முறையில்தான் கலந்துகொள்ள முடிந்தது. அடுத்த ஆண்டு லண்டன் பெண் பொறியாளர் சங்கத்தில் உறுப்பினரானார். 1967இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் நடந்த இரண்டாவது மாநாட்டுக்கு இந்தியாவிலிருந்து பெண் பொறியாளர்கள் செல்வதற்கான வேலைகளை முன்நின்று செய்தார். முதல் மாநாட்டுக்குத் தனி ஆளாகப் போனவர், அடுத்த மாநாட்டுக்கு மற்றவர்களை அனுப்பி வைக்கும் இடத்தில் இருந்தார்.

லலிதா மறுமணம் செய்துகொள்ளவில்லை. தந்தை இல்லாத குறை தெரியாமல் தன்னை வளர்த்ததாக மகள் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஓய்வு பெற்று இரண்டே ஆண்டுகளில், 1979 அக்டோபர் 12 அன்று, 60ஆவது வயதில் லலிதா காலமானார்.

கம்பத்தில் ஏறுவதா மின் பொறியியல்?

இனி நம் வீடுகளில் கேட்கும் அந்த முதல் கேள்விக்கு வருவோம். லலிதா 30 ஆண்டுகள் செய்த வேலையை நம் ஊர் உதாரணத்தோடு பார்த்தால் எளிதாக விளங்கும்.

மின்சாரம் கம்பி வழியாக ஓடும்போது கம்பி சூடாகிறது. அந்தச் சூடு வீணாகும் மின்சாரம். ஒரே அளவு மின்திறனை அனுப்பும்போது மின் அழுத்தத்தை இரு மடங்காக உயர்த்தினால், கம்பியில் ஓடும் மின்னோட்டம் பாதியாகும். மின்னோட்டம் பாதியானால் அதே கம்பியில் வீணாகும் மின்சாரம் நான்கில் ஒரு பங்காகக் குறையும். அதனால்தான் மின் நிலையத்திலிருந்து பல ஆயிரம் வோல்ட் அழுத்தத்தில் மின்சாரத்தை அனுப்பி, ஊருக்கு அருகே துணை மின் நிலையத்தில் டிரான்ஸ்பார்மர் மூலம் படிப்படியாகக் குறைத்து வீட்டுக்குக் கொடுக்கிறார்கள். எந்தத் தொலைவுக்கு எந்த அழுத்தம், எவ்வளவு தடிமனுள்ள கம்பி, கோபுரங்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்பதெல்லாம் கணக்கு. மேசையில் உட்கார்ந்து போடும் கணக்கு.

பாதுகாப்புக் கருவிகளும் அப்படித்தான். எங்கோ ஓர் இடத்தில் மரம் விழுந்து கம்பி அறுந்தால், ரிலே அந்தக் கோளாறை உணர்ந்து, சர்க்யூட் பிரேக்கரை இயக்கி, ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் அந்தப் பகுதியை மட்டும் துண்டிக்க வேண்டும். எது முதலில் துண்டிக்க வேண்டும், எது காத்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே வரிசைப்படுத்தி வைப்பது பொறியாளரின் வேலை. வரிசை தவறினால் ஒரு தெருவில் நடந்த கோளாறுக்கு ஒரு நகரமே இருண்டுவிடும்.

கோவளம் போன்ற கடலோர ஊர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கடற்காற்றில் வரும் உப்பு, மின் கம்பங்களில் உள்ள பீங்கான் இன்சுலேட்டர்கள் மீது படிகிறது. பனியில் அது ஈரமானால் மின்சாரம் அதன் மேற்பரப்பு வழியாகக் கசிந்து பொறி பறக்கும். இதற்காகவே கடலோரங்களில் மேற்பரப்பு நீளம் கூடுதலான இன்சுலேட்டர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவ்வப்போது கழுவவும் செய்கிறார்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது சென்னைப் புறநகர்கள் நாட்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்ததை நாம் மறக்கவில்லை. எந்த இடத்தில் தரைக்கு அடியில் கேபிள் போட வேண்டும், எந்தப் பாதைக்கு மாற்றுப் பாதை வேண்டும் என்று தீர்மானிப்பது நாளைய மின் பொறியாளர்களின் கையில் இருக்கிறது. கடலோரத்தில் பிறந்து வளர்ந்த ஒரு பெண்ணுக்கு இந்தச் சிக்கல் பாடப் புத்தகத்தில் படிக்கும் முன்பே தெரிந்திருக்கும்.

நம் ஊரைச் சுற்றியே இந்தத் துறை விரிந்து கிடக்கிறது. தெற்கே மாமல்லபுரத்தைத் தாண்டினால் கல்பாக்கம். 1984 முதல் வணிக ரீதியில் மின் உற்பத்தி செய்துவரும் சென்னை அணுமின் நிலையமும், இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும் அங்கே இருக்கின்றன. பக்கத்தில் நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013இல் தினமும் 10 கோடி லிட்டர் திறனோடு தொடங்கியது. 15 கோடி லிட்டர் திறனுள்ள இரண்டாவது ஆலை 2024இல் திறக்கப்பட்டது. கடல்நீரைச் சவ்வு வழியாகத் தள்ளுவதற்குப் பெரும் அழுத்தம் வேண்டும். அந்த அழுத்தத்தைத் தருவது மின் மோட்டார்கள். அதில் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு யூனிட்டும் குடிநீரின் விலையைக் குறைக்கும். இந்த இடங்களிலெல்லாம் வடிவமைப்பு, கட்டுப்பாட்டு அறை, ஆய்வகம், தணிக்கை என்று பல வேலைகள் உண்டு. கம்பத்தில் ஏறுவது அவற்றில் ஒரு பகுதி மட்டுமே. லலிதாவுக்கு மூடியிருந்த களப்பணியிலும் இன்று பெண் பொறியாளர்கள் இருக்கிறார்கள்.

வகுப்பும் குடும்பமும்

இரண்டாவது கேள்வி, ஆண்கள் நிறைந்த வகுப்பு. லலிதாவுக்கு வகுப்பில் ஒரு பெண் துணையும் இல்லை. இன்று நம் பிள்ளைகளுக்கு அந்த நிலை இல்லை. இருந்தாலும் மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் பிரிவுகளில் பெண்கள் குறைவாக இருப்பது உண்மைதான். அதற்கு சுப்பாராவ் கண்ட வழியே நமக்கும் உதவும். ஒரே தெருவில், ஒரே ஜமாஅத்தில் இரண்டு மூன்று பிள்ளைகள் சேர்ந்து விண்ணப்பிக்கட்டும். சேர்ந்து போய் வரட்டும். தாம்பரத்தை அடுத்த வண்டலூரில் கிரசண்ட் கல்வி நிறுவனம், கிண்டியில் லலிதா படித்த அதே கல்லூரி என வீட்டிலிருந்து சென்று வரக்கூடிய தொலைவிலேயே மின் பொறியியல் படிக்க இடங்கள் இருக்கின்றன.

மூன்றாவது கேள்வி, குடும்பம். இங்கே லலிதாவின் வாழ்க்கையை முழுதாகப் பார்க்க வேண்டும். அவர் தனி ஒருவராகச் சாதிக்கவில்லை. தந்தை போய்க் கேட்டார். உறவினர் வீடு குழந்தையை வளர்த்தது. அண்ணியார் அலுவலக நேரத்தில் பார்த்துக்கொண்டார். ஒரு பெண் வேலைக்குப் போவதா வேண்டாமா என்பதைவிட, அவளைச் சுற்றியுள்ளவர்கள் எவ்வளவு தோள் கொடுக்கிறார்கள் என்பதே முக்கியம். கூட்டுக் குடும்பமாக வாழும் பழக்கம் இன்னும் மிச்சமிருக்கும் நம் வீடுகளில் இது முடியாத காரியம் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் சமுதாயத்தில் எத்தனையோ வீடுகள் வளைகுடா சம்பளத்தை நம்பி நடக்கின்றன. சம்பாதிப்பவருக்கு ஒரு விபத்தோ நோயோ வந்துவிட்டால், பிள்ளைகளோடு திகைத்து நிற்கும் பெண்களை நாம் பார்த்திருக்கிறோம். ஊர் கூடி உதவி செய்கிறது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் லலிதாவுக்கு அந்த நிலை வந்தபோது பள்ளிப் படிப்பு கையில் இருந்ததால்தான் மேலே படிக்க முடிந்தது. நாளை என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாது. மகளுக்கு நகையோடு சேர்த்து ஒரு தொழிற்படிப்பையும் கொடுத்து அனுப்புவது அவளுக்கு நாம் செய்யும் பாதுகாப்பு.

இன்றைக்கு என்ன வழிகள்?

ஆர்வமுள்ள பிள்ளைகளுக்காகச் சில தகவல்களைத் தொகுத்துத் தருகிறோம்.

பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்தவர்கள் தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வு மூலம் மின் மற்றும் மின்னணுப் பொறியியலில் சேரலாம். பத்தாம் வகுப்போடு பாலிடெக்னிக்கில் டிப்ளமோ படித்தவர்கள் நேரடியாகப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேர முடியும். ஐஐடிகளில் பெண்களுக்கென்று கூடுதல் இடங்கள் 2018 முதல் ஒதுக்கப்படுகின்றன.

தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடு 2007 முதல் இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. அரசுப் பள்ளியில் 6ஆம் வகுப்பு முதல் படித்து உயர்கல்வி சேரும் மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. ஏஐசிடிஇ வழங்கும் பிரகதி உதவித்தொகை தொழில்நுட்பம் படிக்கும் மாணவிகளுக்கானது. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் ஆண்டுக்கு 50,000 ரூபாய் பெறலாம். ஒரு குடும்பத்தில் இரண்டு பெண் பிள்ளைகள் வரை இதற்குத் தகுதி உண்டு. விண்ணப்பிக்கும் ஆண்டின் விதிமுறைகளை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டம் முடித்தவர்கள் கேட் தேர்வு எழுதி அண்ணா பல்கலைக்கழகத்தில் எரிசக்திப் பொறியியலில் முதுகலை படிக்கலாம். 2001ஆம் ஆண்டின் எரிசக்திப் பாதுகாப்புச் சட்டப்படி, அதிகம் மின்சாரம் செலவழிக்கும் பெரிய ஆலைகள் எரிசக்தி மேலாளரை நியமிக்க வேண்டும். தணிக்கையும் செய்ய வேண்டும். அதற்கான தகுதித் தேர்வை மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் நடத்துகிறது. காற்றாலையிலும் சூரிய மின்சக்தியிலும் தமிழ்நாடு நாட்டின் முன்னணி மாநிலங்களில் ஒன்று. வேலைக்கு ஆள் தேவைப்படும் துறை இது.

பள்ளியில் படிக்கும் தங்கைகள் இந்தப் படிப்பு தங்களுக்குப் பிடிக்குமா என்று வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பழைய மின்விசிறி ஏறக்குறைய 75 வாட் எடுக்கும். புதிய பிஎல்டிசி மின்விசிறி 30 வாட் அளவில் ஓடும். தினம் 10 மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 0.45 யூனிட் மிச்சம். இரண்டு மாதக் கணக்கில் 27 யூனிட். வீட்டில் எத்தனை விசிறி, எத்தனை விளக்கு, பிரிட்ஜ் எவ்வளவு எடுக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி, மின் கட்டண அட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தக் கணக்கில் உங்களுக்கு ருசி வந்துவிட்டால், நீங்கள் இந்தத் துறைக்கு ஏற்றவர்.

பெற்றோர்களுக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் ஒன்றுதான். இந்த ஆண்டு உங்கள் மகள் மின் பொறியியல் என்று சொன்னால், உடனே மறுக்க வேண்டாம். அவளை அழைத்துக்கொண்டு ஒரு கல்லூரிக்கு நேரில் போங்கள். ஆய்வகத்தைப் பாருங்கள். அங்கே படிக்கும் மாணவிகளிடம் பேசுங்கள். சுப்பாராவ் முதல்வரின் அறைக்குப் போனபோது, பெண்களைச் சேர்த்த முன் உதாரணம் அந்தக் கல்லூரியில் ஒன்று கூட இல்லை. நமக்கு முன்னால் 80 ஆண்டு கால உதாரணங்கள் இருக்கின்றன. நம் கடற்கரையிலிருந்தும் எரிசக்தித் துறைக்குப் பெண் பொறியாளர்கள் உருவாகட்டும், இன்ஷா அல்லாஹ்.